தூண்டில் நரம்புல மாட்டற ஈயக்குண்டு முள்ளுக்கு ஒரு சாண் மேலயா? யார் சொன்ன கணக்கு இது?

கரையோரத்தான்:
ஏரியில முதல் தடவை தூண்டில் போடப் போறவங்களுக்குன்னு விரால்மீசை ஒரு குறிப்பு எழுதியிருக்கார். தொப்பி, தண்ணி, வழுக்காத செருப்பு வரைக்கும் சரி. கடைசி வரியைப் பாருங்க: "ஈயத்தை முள்ளுக்கு ஒரு சாண் மேலே கடிச்சு விடுங்க. எந்த ஏரி, எந்த மீன் ஆனாலும் இதுதான் அளவு."

இதை நம்பினவன் சாயங்காலம் வரைக்கும் தக்கையை வேடிக்கை பார்த்துட்டு வெறுங்கையோட திரும்புவான். தரையில மேயுற மீனுக்கு ஒரு சாண் ஆகாது. நாலு விரல் போதும். ஈயம் தொங்குது, அதுக்குக் கீழ ஒரு சாண் நரம்பு, நுனியில புழு. மீன் புழுவை வாங்கிக்கிட்டு நேரா மேல வந்தா ஈயம் வரைக்கும் ஒரு சாண், அதைத் தாண்டி இன்னொரு சாண் ஏறினப்புறம்தான் நரம்பு விறைக்கும். ரெண்டு சாண் தூரத்துக்குத் தக்கைக்குச் சேதியே போகாது. அதுக்குள்ள முள்ளு உறுத்தித் துப்பிட்டுப் போயிடும்.

விரால்மீசை:
வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். நாலு விரல்ல ஈயத்தை வச்சா புழு கல்லு மாதிரி விழும். ஒரு சாண் விட்டா ஈயம் முன்னாடி போகும், புழு பின்னாலயே ஆடிக்கிட்டு இறங்கும். அந்த ஆட்டத்துக்குத்தான் மீன் வருது. கட்லாவும் ரோகுவும் தரையில உட்கார்ந்து சாப்பிடற மீனா?

கரையோரத்தான்:
நான் எழுதினது "தரையில மேயுற மீன்". கட்லா மேல்மட்டம், ரோகு நடுமட்டம், மிர்கால் அடிமட்டம். குளத்துல குஞ்சு விடறவங்க எல்லாருக்கும் இது பாலபாடம். "எந்த மீன் ஆனாலும்"னு எழுதினது நானா நீங்களா?

நீர்க்கோழி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். யாருடைய சாண்? பன்னிரண்டு விரல் ஒரு சாண் என்பது பழைய கணக்கு. கைக்குக் கை அது மாறும். அளப்பது நரம்பைக் கட்டும் முள்ளின் காதிலிருந்தா, வளைவிலிருந்தா? மேலும், ஒருவர் தக்கைத் தூண்டிலைப் பற்றியும் இன்னொருவர் தக்கையில்லாமல், நரம்பில் வழுக்கி ஓடும் ஓடு ஈயத்தைப் பற்றியும் பேசுவதுபோல் தெரிகிறது. அதை முதலில் தெளிவுபடுத்தினால் நல்லது.

விரால்மீசை:
நாலு விரல்ல வச்சா ஈயம் மீனோட உதட்டுல இடிக்கும். அந்தப் பயம் வேண்டாமா?

கரையோரத்தான்:
இடிக்கட்டுமே! அந்த ஈயம் தரையில கிடக்கறதுக்குத்தான் இருக்கு. தெரியாதவங்களுக்காக எழுதறேன்.

முதல்ல ஆழம் பார்க்கணும். முள்ளுல கனமான ஈயம் ஒண்ணை மாட்டிப் போடு. தக்கை முங்கிப் போனா நரம்பு பத்தலை, தக்கையை மேல தள்ளு. தக்கை படுத்துக்கிட்டா நரம்பு அதிகம், கீழ இறக்கு. நுனி மட்டும் தெரியுற இடம்தான் ஆழம். கன ஈயத்தைக் கழட்டிட்டு, தக்கையை இன்னும் ஒரு கையளவு மேல ஏத்து. முள்ளுக்கு நாலு விரல் மேல ஒரே ஒரு ஈயம். போட்டுட்டு ரீலை மெதுவா சுத்தி நரம்பை இறுக்கு, தக்கை நிமிரும். மிர்கால் தலையைக் கவுத்துப் புழுவை எடுத்துட்டு நிமிர்றப்ப ஈயமும் கூடவே எழும்பும். பாரம் குறைஞ்சதும் தக்கை முங்காது, மேல எழும்பிப் படுத்துக்கும். அப்பவே தூண்டிலைச் சொடுக்கணும். ஒரு சாண் வச்சிருந்தா ஈயம் அசையக்கூட அசையாது.

அயிரைக்கொத்து:
சாணோ விரலோ, "கடிச்சு விடுங்க"ன்னு எழுதினதை ஏன் யாரும் கேக்கலை? பல்லால ஈயத்தைக் கடிக்கிறதா? ஈயம் விஷம். அன்னப்பறவைங்க முழுங்கிச் செத்துதுன்னு பிரிட்டன்ல 0.06 கிராம்லேர்ந்து 28.35 கிராம் வரைக்குமான ஈயக்குண்டு விற்பனையை 1987லயே தடை பண்ணிட்டாங்க. சின்ன இடுக்கி இருக்கு. அதுலயும் ஈயக்குண்டோட பிளவு மூடற அளவுக்குத்தான் அழுத்தணும். ஓங்கி அழுத்தினா நரம்புல வடு விழும், பெரிய மீன் மாட்டினா அந்த இடத்துலதான் அறும்.

விரால்மீசை:
"கடிச்சு"ங்கறது பேச்சு வழக்கு ஐயா. இடுக்கியாலயும் கடிக்கலாம். அன்னத்தை எல்லாம் எதுக்கு இழுக்கறீங்க?

அயிரைக்கொத்து:
இடுக்கின்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா நான் எதுக்கு அன்னத்தை இழுக்கறேன்?

தங்கூஸ்:
ஒண்ணு கவனிச்சீங்களா? நரம்பை முள்ளுல எப்படிக் கட்டறதுன்னு முன்னாடி நடந்த முடிச்சு விவாதத்துல இதே கரையோரத்தான் "நாலு சுத்து போதும்"னார். ஆறு சுத்துன்னு சொன்னவங்களை எல்லாம் ஓட ஓட விரட்டினார். இப்ப நாலு விரலாம். அவருக்கு நாலுதான் ராசி போல.

கரையோரத்தான்:
அந்தக் காயம் இன்னும் ஆறலையா தங்கூஸ்? அங்க பேச்சு 0.40 மில்லிமீட்டர் நரம்பைப் பத்தி. தடிச்ச நரம்புல ஆறு சுத்து சுத்தினா அடுக்கு ஒழுங்கா உட்காராது, பாதியில பிடிச்சுக்கும். 0.20க்கு ஆறு சுத்துன்னு அங்கயே எழுதியிருக்கேன். எச்சில் தொட்டு இறுக்கணும், இல்லைன்னா உராயுற சூட்டுல நரம்பு பலம் போயிடும்னும் எழுதியிருக்கேன். படிக்கறவங்களுக்குத்தானே தெரியும்.

தங்கூஸ்:
0.40ன்னு பிறகு வந்து திருத்திச் சேர்த்தீங்க. அதையும் பார்த்தவங்க இருக்காங்க.

விரால்மீசை:
அது பழைய கதை. ஒரு சாணுக்கு வாங்க. உச்சி வெயில்ல மீன் குளிர்ச்சி தேடி ஏரியோட ஆழத்துக்குப் போயிடும். அங்க அடியில சேறு. ஈயம் சேத்துல புதையும். ஒரு சாண் விட்டாத்தான் புழு சேத்துக்கு மேல கிடக்கும்.

கரையோரத்தான்:
இது ஒண்ணுதான் பாக்கி இருந்தது. கோடையில ஆழமான ஏரியில சூடான தண்ணி மேல மிதக்கும், குளிர்ந்த தண்ணி அடியில தங்கிடும், ரெண்டும் கலக்காது. அடியில அழுகுற குப்பை அங்க இருக்கிற ஆக்சிஜனைத் தின்னு தீர்த்திடும். மீன் அங்க போய் மூச்சு முட்டிச் சாகவா?

விரால்மீசை:
அப்படி வாங்க வழிக்கு! அடியில மீனே இல்லைன்னா உங்க நாலு விரல் ஈயம் தரையில யாருக்காகக் கிடக்குது?

கரையோரத்தான்:
கரையோரம் ஆறடி ஆழத்துக்குள்ள காத்து அலையடிச்சுத் தண்ணியை அடிவரைக்கும் கலக்கும். அங்க தரையிலயும் ஆக்சிஜன் இருக்கும். பேரையே கரையோரத்தான்னு வச்சிருக்கேன், அதுக்கப்புறமும் கேக்கறீங்க. இருக்கற மீசையும் இல்லாத மீசையும் தெரியாதவர்கிட்ட என்னத்தைச் சொல்ல? விராலுக்கு ஏதுங்க மீசை? அது கெளுத்திக்கு.

விரால்மீசை:
பேர் வச்சது என் இஷ்டம். விரால் மேல வந்து காத்தைக் குடிக்கிற மீன், அதுக்கு உங்க ஆக்சிஜன் கணக்கெல்லாம் கால்தூசு. அதுக்கு ஈயமே தேவையில்லை, உயிர்த்தவளை போதும்.

கரையோரத்தான்:
ஈயமே தேவையில்லைன்னு இப்ப சொல்றீங்க. "எந்த மீன் ஆனாலும் ஒரு சாண்"னு குறிப்புல சொல்றீங்க. எதைத் திருத்தப் போறீங்க?

விரால்மீசை:
ஒரு எழுத்தைக்கூடத் திருத்த மாட்டேன்.

புதுத்தூண்டில்:
அண்ணே, ஞாயித்துக்கிழமை முதல் தடவையா ஏரிக்குப் போறேன். கெளுத்திதான் கிடைக்கும்னாங்க. எவ்வளவு விடணும்? அது குத்தினா என்ன செய்யறது?

கரையோரத்தான்:
நாலு விரல்.

விரால்மீசை:
ஒரு சாண் தம்பி. கண்ணை மூடிக்கிட்டு ஒரு சாண்.

அயிரைக்கொத்து:
தம்பி, அதோட முதுகுத்துடுப்புல ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணுன்னு மூணு முள்ளு இருக்கும். பக்கத்துத் துடுப்புக்குப் பின்னால விரலைக் கொடுத்துப் பிடி. குத்திட்டா கை தாங்கற சூட்டுல வெந்நீர்ல அரைமணி நேரத்துக்குக் குறையாம முக்கி வை, வலி இறங்கும். முள்ளு உள்ள ஒடிஞ்சிருந்தா மருத்துவர்கிட்ட போயிடு. அறுந்த நரம்பைக் கரையில விட்டுட்டு வராதே, பறவை கால்ல சிக்கும்.

நீர்க்கோழி:
தக்கையா, ஓடு ஈயமா என்று அந்தத் தம்பியிடமாவது யாராவது கேட்டீர்களா?

கரையோரத்தான்:
எதுவா இருந்தா என்னங்க? நாலு விரல்.