சைக்கிளுக்கு அரசு செலவழிக்கிறதா, இல்லையா?

மேலவீதி:
நேற்று இங்கே ஒருவர் "சைக்கிளுக்கும் நடைக்கும் நம் அரசு ஒரு பைசா கொடுத்ததில்லை" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். வாய்க்கு வந்தபடி எழுதலாமா? 2001-லிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறார்கள். டெல்டாவில் அது நிற்காத தெரு உண்டா?

வெண்ணாற்றான்:
எழுதியது நான்தான் சார். 2001 இல்லை, 2005. தவிர, அது பள்ளிக்கூடச் செலவு. நான் கேட்டது சைக்கிள் ஓட்டவும் நடக்கவும் பாதை.

மேலவீதி:
2001-02. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு. அரசு, உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று ஆனது 2005-06. நான் தலைமையாசிரியராக இருந்தவன் தம்பி. டயரில் காற்று இருக்கிறதா, பெல் அடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுத்த கை இது.

வெண்ணாற்றான்:
எல்லோருக்கும் 2005 என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி. இப்போது அந்தப் பிள்ளை திருவையாறு ரோட்டில் எங்கே ஓட்டும்? அறுவடை வந்தால் பாதி ரோடு நெல், மீதி ரோடு பஸ். ஓரம் ஒதுங்கினால் நெல்லில் சக்கரம் வழுக்குகிறது.

குறுவைக்காரன்:
ஏங்க, நெல்லை ஏன் இழுக்கிறீங்க? ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் தொடமாட்டார்கள். களம் இருந்தால் நாங்கள் ஏன் தார் ரோட்டில் கொட்டப்போகிறோம்? சைக்கிள் பாதை போட்டாலும் அதில்தான் காயவைப்போம், இப்பவே சொல்லிவிட்டேன்.

வெண்ணாற்றான்:
பார்த்தீர்களா! இதற்குத்தான் தனியாக நிதி வேண்டும் என்கிறேன். சென்னை மாநகராட்சி 2014-லேயே நடை, சைக்கிளுக்கென்று கொள்கை வகுத்தது. நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டராவது இருக்கவேண்டும் என்கிறது சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ்.

குடந்தையான்:
1.8 மீட்டரா? கும்பகோணத்தில் சில சந்துகளே அவ்வளவுதான் இருக்கும் 😄 ஸ்மார்ட் சிட்டி தஞ்சாவூருக்கு, மாவட்டம் மயிலாடுதுறைக்கு, தனி மாவட்டம் கேட்கும் எங்களுக்கு மனு மட்டும். 2028-ல் மகாமகம் வருகிறது. அத்தனை ஜனமும் நடந்துதானே வரும், அதற்கு முதலில் காசு கொடுங்கள்.

மேலவீதி:
தனி மாவட்டச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு சைக்கிளைப் பற்றி. ஆண்டு 2001. சென்னைக் கொள்கையை இங்கே காட்டிப் பயனில்லை, அங்கே கொள்கை வந்த பிறகும் நடைபாதையில் பைக்தான் நிற்கிறது. இங்கே போட்டால் இளநீர்க் கடையும் செருப்புக் கடையும் வரும். காசைப் பிள்ளை கையில் சைக்கிளாகக் கொடுத்தால் வீட்டுக்குப் போய்ச் சேரும். கான்ட்ராக்டரிடம் கொடுத்தால் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

வெண்ணாற்றான்:
சார், கடைசியாக நீங்கள் சைக்கிள் மிதித்தது எப்போது?

மேலவீதி:
முழங்கால் வலி வரும்வரை. அதைக் கேட்க உங்களுக்கு என்ன தகுதி?

குறுவைக்காரன்:
களத்துக்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் முழங்காலுக்குப் போங்க.