வீட்டு வரி மதிப்பீடு: டிரிபியூனலா, ஹைகோர்ட்டா?

பால்மரத்துப் பிள்ளை:
மலேசியாவில், கெடா பாடாங் செராய் பக்கம் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருப்பவர்கள் கொஞ்சம் கவனிக்கவும். ஊராட்சி மன்றமான மஜ்லிஸிலிருந்து வீட்டு வரிக்கான புது மதிப்பீட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது, என் வீட்டின் ஆண்டு மதிப்பை, அதாவது வீடு வாடகைக்குப் போனால் வருடத்துக்குக் கிடைக்கும் என்று போடுகிற தொகையை, ஏகத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். தோட்ட வேலையை விட்டு வந்தபோது வாங்கிய ஒற்றை மாடி வீடு, பின்னால் சமையல்கட்டைக் கொஞ்சம் நீட்டியதோடு சரி. ஆட்சேபக் கடிதம் எழுதினால் அதே மஜ்லிஸ்தான் விசாரிக்கும். தான் போட்ட கணக்கைத் தானே தப்பு என்று சொல்லுமா? அதனால் நேராகப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு (டிரிபியூனல்) போகலாம் என்கிறேன். 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டணம், லாயர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம்.

கோர்ட்டுக் கிராணி:
அண்ணே, தயவுசெய்து அங்கே போய் நாட்களை வீணாக்க வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் வந்த தீர்ப்பாயம் அது, காசு வாங்கிக்கொண்டு பொருளோ சேவையோ கொடுத்தவர் மேல் வாங்கியவர் போடும் வழக்கைத்தான் கேட்கும். சுக்காய் பிந்து, அதாவது நம் வீட்டு வரி, குப்பை அள்ளுவதற்கான கூலி இல்லை, சட்டம் விதிக்கிற வரி. அதைக் கேட்க அந்தத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமே கிடையாது. வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் டெவலப்பரோடு உள்ள தகராறுக்கு, ஸ்ட்ராட்டா தீர்ப்பாயம் அடுக்குமாடிப் பராமரிப்புத் தகராறுக்கு. எதிலும் நம் விஷயம் இல்லை.

நம் வழி 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தில், அதாவது சட்டம் 171இல் இருக்கிறது. 142ஆம் பிரிவில் எழுத்து மூலமாக ஆட்சேபம். அதன் முடிவு பிடிக்கவில்லை என்றால் 145ஆம் பிரிவில் ஹைகோர்ட்டுக்கு அப்பீல். ஆட்சேபம் போடாதவருக்கு அந்த அப்பீல் கிடையாது, இதை மட்டும் மறக்காதீர்கள்.

பால்மரத்துப் பிள்ளை:
தம்பி, சட்டத்தில் இருக்கிறது என்பதற்காக நியாயம் ஆகிவிடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 450 வெள்ளி வாடகை என்று வைத்தால் ஆண்டு மதிப்பு 5,400, அதையே 650 என்று வைத்தால் 7,800. வரி 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் வருடத்துக்கு 240 வெள்ளி. இந்த 240 வெள்ளிக்காக சுங்கைப்பட்டாணி ஹைகோர்ட்டுக்கு லாயர் பிடித்து, மதிப்பீட்டாளர் அறிக்கை வாங்கி, யார் போவார்? ஃபாக்டரிக்காரன் போவான், மால் வைத்திருப்பவன் போவான். ரிட்டையர் ஆன தோட்டப் பாட்டாளி போகமாட்டான், போகமாட்டான் என்று தெரிந்தேதான் ஏற்றுகிறார்கள்.

வருமான வரியில் தகராறு என்றால் சிறப்பு ஆணையர்கள் இருக்கிறார்கள். சுங்க வரிக்குத் தனியாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வைத்திருக்கிறார்கள். வீட்டு வரிக்கு மட்டும் எடுத்த எடுப்பில் ஹைகோர்ட்டு என்றால் என்ன அர்த்தம்?

ஜொகூர் பாலம்:
பிள்ளை அண்ணன் கேட்பது சரிதான். நான் வேலை செய்வது சிங்கப்பூரில். அங்கே சொத்து வரி மதிப்பில் தகராறு என்றால் மதிப்பீட்டு மறுஆய்வு வாரியம் கேட்கும், ஹைகோர்ட்டு அதற்கு அப்புறம்தான். இங்கிலாந்திலும் மதிப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. நம் நாட்டில் ஏன் முடியாது?

கோர்ட்டுக் கிராணி:
முடியாது என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு இல்லை, நோட்டீஸ் கையில் இருப்பவருக்கு இல்லாத தீர்ப்பாயத்தால் என்ன பயன் என்கிறேன். இன்னொன்று, தீர்ப்பாயம் வந்தாலே ஏழைக்கு நியாயம் வந்துவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. மந்திரி நியமிக்கிற ஆட்கள் உட்காருகிற இடத்தை விட ஒரு நீதிபதியை நான் நம்புவேன். எங்கே போனாலும் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: இந்த வீடு வாடகைக்குப் போனால் நியாயமாக எவ்வளவு கிடைக்கும்? சொந்தக்காரரே குடியிருந்தாலும் சட்டம் அப்படித்தான் பார்க்கிறது. அதற்கு ஆதாரம் வேண்டும். “ஏற்றிவிட்டார்கள், கட்ட முடியாது” என்று மட்டும் எழுதினால் மஜ்லிஸிலும் தோற்போம், எந்தத் தீர்ப்பாயத்திலும் தோற்போம்.

தாமான் அக்கா:
ஆதாரம் என்றதும்தான் எனக்கு இது சொல்லத் தோன்றுகிறது. எங்கள் வரிசையில் பாதி வீடுகளைக் குத்தகைக்காரர்கள் எடுத்து, வெளிநாட்டுத் தொழிலாளர்களை அறைக்கு ஆறு பேராக வைத்திருக்கிறார்கள். அந்த வீடுகளின் வாடகை வேறு, ஒரு குடும்பம் குடியிருந்தால் கிடைக்கிற வாடகை வேறு. ஹாஸ்டல் வாடகையைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டுக்கும் மதிப்புப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். அதைக் கேட்கலாமா தம்பி?

கோர்ட்டுக் கிராணி:
கட்டாயம் கேளுங்கள் அக்கா, இதுதான் உண்மையான வாதம். எந்த வீடுகளை ஒப்பிட்டு இந்தத் தொகைக்கு வந்தார்கள் என்று கடிதத்திலேயே கேளுங்கள். குடும்பங்களுக்கு விட்ட வீடுகளின் வாடகை ஒப்பந்த நகல் நாலைந்து சேர்த்து வையுங்கள். விசாரணையில் நீங்களே பேசலாம், இல்லையென்றால் ஒருவருக்கு அதிகாரம் கொடுத்துப் பேச வைக்கலாம், அவர் லாயராக இருக்க வேண்டியதில்லை. மதிப்பீட்டுப் பட்டியல் திருத்தத்துக்குக் குறித்த தேதிக்கு 14 நாளாவது முந்திக் கடிதம் போய்ச் சேரணும், மஜ்லிஸ் சாப் (முத்திரை) அடித்த நகலை வாங்கி வையுங்கள்.

பால்மரத்துப் பிள்ளை:
என் பக்கத்து வீட்டுக்காரருக்கு நோட்டீஸே வரவில்லை. அவர் என்ன செய்வார்?

கோர்ட்டுக் கிராணி:
அது வேறு கதை. மதிப்பு அதிகம் என்பது தொகையைப் பற்றிய தகராறு, அது 142, 145 வழியாகத்தான் போகணும். நோட்டீஸே தரவில்லை, பேச விடவில்லை என்றால் அது நடைமுறையைப் பற்றியது, அதற்குத்தான் நீதிமுறை மறுஆய்வு, அதாவது மஜ்லிஸ் நடந்துகொண்ட முறை சரியா என்று ஹைகோர்ட்டு பார்ப்பது. அதற்குக் கெடு மூன்று மாதம். அப்பீல் என்று ஒரு வழியைச் சட்டம் தந்திருக்கும்போது அதை விட்டுவிட்டு மறுஆய்வுக்கு ஓடினால் கோர்ட்டு லேசில் ஏற்காது. அதனால் அவர் இன்றே எழுத்தில் கேட்கட்டும், நோட்டீஸ் எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு அனுப்பப்பட்டது என்று. பழைய தோட்டத்து முகவரிக்கே போயிருக்கவும் கூடும், நம் ஆட்கள் நிறையப் பேர் முகவரியை மாற்றாமலே இருக்கிறார்கள்.

பால்மரத்துப் பிள்ளை:
கடிதம் போடுகிறேன், ஒப்பந்த நகலும் தேடுகிறேன். ஆனால் தம்பி, மஜ்லிஸ் “முடியாது” என்று ஒரு வரியில் பதில் அனுப்பினால் நானும் அக்காவும் அத்தோடு நிற்க வேண்டியதுதானே? அந்த ஹைகோர்ட்டு எங்களுக்குப் பேப்பரில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் சட்டம் 171ஐத் திருத்தித் தீர்ப்பாயம் வை என்று நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு மனு எழுதப்போகிறேன். ஆட்சேபக் கடிதத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதிலும் கையெழுத்துப் போட வேண்டும்.

கோர்ட்டுக் கிராணி:
மனுவில் என் கையெழுத்து இருக்காது அண்ணே, காரணம் மேலே சொல்லிவிட்டேன். ஆட்சேபக் கடிதம் யாருக்கு எழுதத் தெரியவில்லையோ அவர்கள் நோட்டீஸையும் பழைய வரி பில்லையும் கிராண்ட் (வீட்டுப் பட்டா) நகலையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலையில் கோயில் மண்டபத்துக்கு வரட்டும், மலாயில் எழுதித் தருகிறேன்.