புதுப்பிப்பு: இந்திராநகர் மொட்டைமாடி பப்பில் வாசித்த கதை

மானிட்டர் (வாசிப்பவர்களுக்கே தங்கள் சத்தம் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) இல்லாமல், 'ம்ம்ம்' என்ற இரைச்சலோடு எங்கள் பேண்ட் வாசித்ததைப் போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி.

இரைச்சலுக்குக் காரணம் கிரவுண்ட் லூப்தான்: கேபிளால் இணைத்த இரண்டு கருவிகள் வெவ்வேறு பிளக்கின் எர்த் வழியாகவும் இணைந்து உண்டாகும் சுற்று. கீபோர்டு மேடை பிளக்கில், எல்லா ஒலியையும் கலந்து தரும் மிக்ஸர் பார் கவுண்டர் பிளக்கில். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் பாட்டோடு சேர்ந்து பாடியிருக்கிறது. டிஐ பாக்ஸ் (கீபோர்டுக்கும் மிக்ஸருக்கும் நடுவே போடும் சின்னப் பெட்டி) வாங்கி, ஒத்திகையில் அதேபோல் இரண்டு பிளக்கில் செருகி, கேபிள் வழியான எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினோம். கப்சிப். (போன வாரப் புலம்பலுக்குப் பதிலாக, இரைச்சல் போக எர்த் பின்னைப் பிடுங்கச் சொன்ன புண்ணியவானே, ஷாக் அடித்தால் யார் பாடுவது?)

பணம் பாதிதான் வந்தது. "பத்து மணிக்கே நிறுத்திட்டீங்களே" என்கிறார் மேனேஜர். திறந்தவெளியில் இரவு 10க்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டிலிருந்தே விதி. எட்டு மணிக் கச்சேரியை ஒன்பதரைக்குத் தொடங்க வைத்ததே அவர்தான்!

அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். டிரம்மர் போகலாம் என்கிறான்.