மழைக்கு ஏன் ‘ஸ்ட்ராங்’ ஆகாது? ஆங்கிலச் சொல்ஜோடியில் மாட்டிய அனுபவங்கள்

பாதித்தூக்கம்:

இரண்டு வருடமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன். வீடியோ மீட்டிங். எல்லாரும் வந்து சேரும் வரை சும்மா ஏதாவது பேசியாக வேண்டிய அந்த மூன்று நிமிடம் இருக்கிறதே, அப்போது நடந்தது. எதிர்முனையில் இருந்தவருக்குத் தாய்மொழியே ஆங்கிலம். உங்கள் பக்கம் என்ன சத்தம் என்று கேட்டார். “ஸ்ட்ராங் ரெயின்” என்றேன். அரை நொடி இருக்கும். புருவம் லேசாக ஏறி இறங்கியது. “ஆ, ஹெவி ரெயின்” என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

கிண்டல் செய்யவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. நான் சொன்னதை ஒரே ஒரு சொல்லை மாற்றி என்னிடமே திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த மீட்டிங்கில் என்ன பேசினோம் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

ராத்திரி யோசித்தபோது ஆள் பிடிபட்டார்: ‘பலத்த’. தமிழில் பலத்த மழை, பலத்த காற்று, பலத்த காயம், பலத்த கைதட்டல், பலத்த பாதுகாப்பு. ஒரே ஆள் எல்லா வீட்டிலும் வேலை பார்க்கிறார். ஆங்கிலத்தில் மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங், காயத்துக்கு சீரியஸ், கைதட்டலுக்கு லவுட், பாதுகாப்புக்கு டைட். காற்று ஸ்ட்ராங்காக அடிக்கலாமாம், கூடவே வரும் மழைக்கு மட்டும் அந்தச் சொல் கிடையாதாம்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது?

கடைசிவரி:

எனக்கு நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. கூட வேலை பார்க்கிறவரின் அப்பா இறந்துவிட்டார். மெயில் எழுத உட்கார்ந்தேன். ‘வெரி சாரி’ என்று போட்டுப் பார்த்தால், யார் காலையோ தெரியாமல் மிதித்துவிட்டுச் சொல்வது போல இருந்தது. இன்னும் கொஞ்சம் கனம் வேண்டும் என்று ‘ஐ ஆம் ஹைலி சாரி’ என்று மாற்றி அனுப்பிவிட்டேன். அவரும் ‘தேங்க் யூ’ என்று ஒரு வரி பதில் போட்டார்.

ஆறு மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது அந்த மெயில் கண்ணில் பட்டது. அதற்குள் எனக்குக் கொஞ்சம் விவரம் வந்திருந்தது. ஹைலி ரெகமண்டட், ஹைலி குவாலிஃபைடு, ஹைலி சக்ஸஸ்ஃபுல் என்று பெரும்பாலும் விளம்பரத்தில் நிற்கிற சொல் அது. அதைக் கொண்டுபோய்த் துக்கத்தில் இருந்த மனிதரின் முன்னால் வைத்திருக்கிறேன். ‘டீப்லி சாரி’ என்றிருக்கலாம். ‘ஸோ சாரி’ என்றால்கூடப் போதும். இலக்கணத்தில் ஒரு பிழையும் கிடையாது. அதனால்தான் அனுப்பும்போது எதுவும் உறுத்தவில்லை. மறுபடி மன்னிப்பு கேட்டு எழுதலாமா என்று யோசித்தேன். எதற்கு மன்னிப்பு என்று விளக்க வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டேன்.

எதிர்க்காற்று:

முதல் பதிவு போட்டவரிடம் ஒரே கேள்வி. அவருக்குப் புரிந்ததா, இல்லையா? புரிந்தது. அப்புறம் எதற்கு இரண்டு வருடம்?

என் அனுபவம் இதற்கு நேர் எதிர். ஒரு வகுப்பில் ‘டேக் எ டெசிஷன்’ என்று எழுதியதற்கு, ‘மேக்’ தான் வரும் என்று சிவப்பு மையில் அடித்து அரை மதிப்பெண் குறைத்தார்கள். முடிவை நாம் எடுக்கத்தானே செய்கிறோம் என்று கேட்டதற்கு, தமிழில் யோசிக்காதே என்று பதில் வந்தது. பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘டேக்’ கும் தாராளமாக வரும் என்று. அமெரிக்காவில்தான் பெரும்பாலும் ‘மேக்’. குளியலும் அப்படியே: ஒரு பக்கம் ‘ஹேவ் எ ஷவர்’, இன்னொரு பக்கம் ‘டேக் எ ஷவர்’. அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத விஷயத்துக்கு என் அரை மதிப்பெண் ஏன் போனது?

இதில் தர்க்கம் என்று ஒன்றும் கிடையாது. ஹெவி ரெயின், ஹெவி டிராஃபிக், ஹெவி ஸ்மோக்கர். இதில் எதைத் தராசில் வைத்து எடை பார்த்தார்கள்? தூங்குகிற ஆள் ஹெவி ஸ்லீப்பர், அவர் தூங்கும் தூக்கம் மட்டும் டீப் ஸ்லீப். கேட்டால் வழக்கம் என்பார்கள். அவர்கள் வழக்கத்துக்காக நாம் ஏன் தூக்கத்தைத் தொலைக்க வேண்டும்?

ரப்பர்வில்:

என் கதையில் கேள்வி கேட்டது ஒன்பது வயதுப் பெண். ‘ஐ டிட் எ மிஸ்டேக்’ என்று எழுதியிருந்தாள். ‘மேட் எ மிஸ்டேக்’ என்று திருத்தினேன். “வீட்டுப்பாடம் செய்யறதுக்கு டூ, தப்பு செய்யறதுக்கு மட்டும் மேக்கா? ரெண்டும் செய்யறதுதானே?” என்றாள்.

எனக்குத் தெரிந்த விதியை எடுத்துவிட்டேன். புதிதாக ஒன்று உண்டானால் மேக், வேலையாக இருந்தால் டூ. கேக் உண்டாகிறது, மேக். பாத்திரம் துலக்குவது வேலை, டூ. சொல்லி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டே கட்டிலைப் பார்த்தாள். “அப்போ மேக் தி பெட்னா, புதுசா கட்டில் செய்யறதா?”

போர்வை மடித்துப் படுக்கையைச் சரிசெய்வது வேலை இல்லாமல் வேறென்ன? நான் சொன்ன விதி அந்த இடத்திலேயே படுத்துவிட்டது. ‘சும்மா மனப்பாடம் பண்ணு’ என்று சொல்லிவிட்டேன். அதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வைதான் இன்னும் போகவில்லை.

மூன்றாம்வரைவு:

வருடாந்திர சுயமதிப்பீட்டுப் படிவத்தில் ‘ஐ காஸ்டு எ பிக் சேஞ்ச் இன் தி டீம்’ என்று எழுதியிருந்தேன். மேலாளர் அதைச் சத்தமாகப் படித்தார், நிறுத்தினார், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “யாருக்காவது அடிபட்டதா?”

எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. மனதில் இருந்தது ‘பெரிய மாற்றத்தை ஏற்படுத்தினேன்’. தமிழில் ‘ஏற்படுத்து’ சாதுவான சொல். விழிப்புணர்வையும் ஏற்படுத்தலாம், சேதத்தையும் ஏற்படுத்தலாம். ஆங்கிலத்தில் ‘காஸ்’ என்ற வினைக்குப் பின்னால் வழக்கமாக வருகிறவர்களைப் பாருங்கள்: டேமேஜ், ட்ரபிள், டிலே, பெயின், டெத். அந்தக் கும்பலோடு என் சாதனையையும் உட்கார வைத்தால் அதன் மேலும் அதே நாற்றம் அடிக்கத்தான் செய்யும். ‘ப்ராட் அபவுட்’ என்று எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன். விழிப்புணர்வாக இருந்தால் ‘ரெய்ஸ்’.

பிறகு தேடியதில் கிடைத்தது: 1980களில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் என்ற மொழியியலாளரின் குழு, கம்ப்யூட்டரில் சேர்த்த உண்மையான வாக்கியங்களை வைத்து ஓர் அகராதி செய்தது, 1987இல் வெளிவந்தது. ‘செட் இன்’ என்ற சேர்க்கைக்கு எழுவாயாக வருவதெல்லாம் பெரும்பாலும் கெட்டதாகவே இருப்பதைச் சின்க்ளேர் கவனித்தார். அழுகல் செட் இன் ஆகும், விரக்தி செட் இன் ஆகும், சந்தோஷம் ஆவதில்லை. 1990களில் இதற்கு ‘செமான்டிக் ப்ராசடி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். நம்மிடமும் இருக்கிறது. விபத்து நேரும், அவமானம் நேரும். பதவி உயர்வு நேர்ந்ததாக யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எனக்கு அந்த வருடம் எதுவுமே நேரவில்லை என்பது வேறு கதை.

அகராதிப்பித்து:

என் அனுபவம் சின்னது. ஒருமுறை ‘பவர்ஃபுல் டீ’ என்றேன், சிரித்தார்கள். அவ்வளவுதான். பிறகு பார்த்தால் ஹாலிடே என்ற மொழியியலாளர் 1966இலேயே இதே உதாரணத்தை எழுதியிருக்கிறார்: டீ ஸ்ட்ராங்காக இருக்கும், கார் பவர்ஃபுல்லாக இருக்கும், மாற்றிப் போட்டால் காது ஏற்காது.

ஆனால் இங்கே எல்லாரும் புலம்பிக்கொண்டு மட்டும் இருக்கிறீர்கள். என்ன செய்யலாம் என்று நான் சொல்கிறேன். பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்குங்கள். ‘ஸ்ட்ராங்’ எதோடெல்லாம் வரும் என்று பட்டியல் போட்டால் முடிவே கிடையாது. ‘ரெயின்’ என்ற சொல்லுக்கு முன்னால் யார் யார் வந்து நிற்பார்கள் என்று பாருங்கள், நான்கைந்து பேர்தான்: ஹெவி, லைட், டொரென்ஷியல், அப்புறம் காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழைக்கு ட்ரைவிங். ஒரு நோட்டு போடுங்கள். தனிச்சொல்லாக எதையும் எழுதாதீர்கள், ஜோடியாகவே எழுதுங்கள். ‘டெசிஷன்’ என்று எழுதாமல் ‘ரீச் எ டெசிஷன்’ என்று எழுதுங்கள். ஒரே பொருள் தரும் சொற்களைப் பட்டியலிடும் அகராதியைத் தயவுசெய்து மூடி வையுங்கள். ‘வெரி’ க்குப் பதில் ‘ஹைலி’ என்று அதுதான் சொல்லிக்கொடுக்கும், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார்.

சந்தேகம் வந்தால் கார்ப்பஸில், அதாவது உண்மையான வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்பில், தேடுங்கள். ஆனால் அளவைப் பாருங்கள். 1961இல் அச்சான அமெரிக்க எழுத்துகளைத் தொகுத்த பிரவுன் கார்ப்பஸில் பத்து லட்சம் சொற்கள்தான். அன்றைக்கு அது பெரிது, ஆனால் அரிதான ஜோடி அதில் சிக்காது. பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸில் பத்துக் கோடி, அதில் பத்தில் ஒரு பங்கு பேச்சு. அங்கே தேடினால் எழுத்தில் வருவது எது, பேச்சில் வருவது எது என்பதும் பிடிபடும். இதெல்லாம் இல்லாத காலத்தில், 1933இல், ஹெரால்டு பாமர் டோக்கியோவில் இருந்துகொண்டு கற்கிறவர்களுக்காக இந்தச் சேர்க்கைகளையெல்லாம் தொகுத்து அறிக்கை போட்டார். 1957இல் ஃபர்த் என்ற மொழியியலாளர், ஒரு சொல்லை அதன் சகவாசத்தை வைத்துத்தான் அறிய முடியும் என்றார்.

எதிர்க்காற்று, தர்க்கம் இல்லை என்கிறீர்கள். குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும், யானை பிளிறும். இதில் என்ன தர்க்கம் கண்டீர்கள்? ‘குயில் கத்தியது’ என்று எழுதினால் மரபுப் பிழை என்று நாமே அடிக்கிறோம். புரியாததாலா அடிக்கிறோம்? அவர்களுக்கு ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்றால் குயில் கத்திய மாதிரி. தினமும் ஐந்து ஜோடி எழுதினாலே போதும், வாரக் கடைசியில் திருப்பிப் பாருங்கள், வாய்விட்டுப் படியுங்கள்.

பாதித்தூக்கம்:

நோட்டு யாரும் கேட்கவில்லை, சார். அனுபவம்தான் கேட்டேன். குயில் கத்திய உதாரணம் மட்டும் நன்றாக இருந்தது. அந்த மனிதர் காதில் நான் எப்படி விழுந்திருப்பேன் என்று இப்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நன்றி என்று சொல்வதா என்று தெரியவில்லை.

எதிர்க்காற்று, புரிந்தது சரிதான். புரிந்ததால்தான் பிரச்சினையே. புரியாமல் இருந்திருந்தால் அவர் கேட்டிருப்பார், நான் விளக்கியிருப்பேன், அத்தோடு முடிந்திருக்கும்.

எதிர்க்காற்று:

யானையை இழுத்தால் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்றாம்வரைவு சொன்னதும் அரைகுறை. ‘காஸ் ஃபார் செலப்ரேஷன்’ என்று வருகிறதே, கொண்டாட்டம் கெட்டதா?

மூன்றாம்வரைவு:

அது பெயர்ச்சொல். நான் சொன்னது வினை. பதிவிலேயே ‘வினை’ என்று எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

வசனக்கத்தரி:

சப்டைட்டில் வேலை செய்கிறேன். ‘ரத்தமும் சதையுமான மனிதர்கள்’ என்று ஒரு வசனம். யோசிக்காமல் ‘பீப்பிள் ஆஃப் பிளட் அண்ட் ஃப்ளெஷ்’ என்று தட்டிவிட்டேன். சரிபார்க்கிறவரிடமிருந்து அந்த வரிக்கு நேராக ஒரே ஒரு சொல் வந்தது: ‘புட்சர்?’ பக்கத்தில் கேள்விக்குறி.

ஆங்கிலத்தில் ஃப்ளெஷ் முதலில், பிளட் பின்னால். திருப்பிப் போட்டதும் மனிதர் மறைந்து கறிதான் தெரிகிறது போல. அதிலிருந்து ‘அண்ட்’ வரும் இடமெல்லாம் பயம். ‘மணமகன், மணமகள்’ என்றால் அங்கே ‘பிரைட் அண்ட் க்ரூம்’. ஆனால் இடி மின்னல் மட்டும் இரண்டு மொழியிலும் இடிக்குத்தான் முதல் இடம், ‘தண்டர் அண்ட் லைட்னிங்’. வானத்தில் மின்னல்தான் முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

கடைசிவரி:

ஹைலி சாரி பற்றி அகராதிப்பித்து சொன்னது உண்மை. அந்த அகராதியைத்தான் திறந்தேன்.

பாதித்தூக்கம்:

சண்டைக்கு நடுவில் ஓர் அவசரம். கிளம்ப வேண்டிய மெயில் ஒன்று கையில் இருக்கிறது. இந்த வேலை வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்பதில் எனக்குப் பலத்த சந்தேகம். மறுபடியும் அதே ‘பலத்த’. ஸ்ட்ராங்கா, ஹெவியா?

அகராதிப்பித்து:

இரண்டும் இல்லை. ஒருவர் திருடியிருப்பார் என்கிற சந்தேகம் என்றால் ‘ஸ்ட்ராங் சஸ்பிஷன்’. நடக்குமா என்கிற சந்தேகம் என்றால் ‘சீரியஸ் டவுட்ஸ்’, பன்மையில். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் வரும் குழப்பம் இது. இதற்குத்தான் நோட்டு போடுங்கள் என்று

பாதித்தூக்கம்:

அனுப்பிவிட்டேன். ‘ஸ்ட்ராங் டவுட்’ என்றே போய்விட்டது. அதே ஆளுக்குத்தான்.