காமகுரா, எனோஷிமா: குடும்பத்தோடு ஒரு நாளும் கடலோரச் சாப்பாடும் (அனுபவப் பகிர்வு)

யோகோஹாமாவாசி:

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஒரே நாளில் எங்கே கூட்டிப் போகலாம் என்று இங்கே அடிக்கடி கேட்கிறீர்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: காமகுரா, அங்கிருந்து எனோஷிமா. டோக்கியோ நிலையத்தில் யோகோசுகா தடத்து ரயிலைப் பிடித்தால் சுமார் ஒரு மணி நேரம். கோயில், கடல், மீன், பிள்ளைகளுக்கு ஒரு குட்டி ரயில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். போன அக்டோபரில் பெற்றோர், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று எல்லோருமாகப் போய்வந்ததை எழுதுகிறேன். அம்மா சுத்த சைவம். அப்பாவுக்கு மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. அதனால் சாப்பாட்டுக் கதை கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

காலையில் முதலில் பெரிய புத்தர். கோதோகுயின் கோயிலில் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறார். 1252இல் வார்க்கத் தொடங்கிய வெண்கலச் சிலை. பீடம் நீங்கலாக 11.3 மீட்டர் உயரம், 121 டன் எடை. ஒரு காலத்தில் சுற்றி மண்டபம் இருந்தது. அது அழிந்த பிறகு யாரும் திரும்பக் கட்டவில்லை. ஐந்நூறு வருடங்களுக்கு மேலாக மழையும் வெயிலும்தான் கூரை. சில்லறைக் காசு கொடுத்தால் சிலைக்கு உள்ளேயே போகலாம். கூட்டமாக இருந்தாலும் இதை விட்டுவிடாதீர்கள். அப்பா வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தவர். உள்ளே போனதும் சுவரில் கட்டம் கட்டமாகத் தெரிகிற இணைப்புக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரே வார்ப்பு இல்லடா இது. கீழேருந்து அடுக்கு அடுக்கா ஊத்தி, ஒண்ணோட ஒண்ணு கவ்வ விட்டிருக்கான்" என்றார். அவர் சொன்னது சரிதான், கோயிலின் விளக்கப் பலகையிலும் அப்படித்தான் இருந்தது. கழுத்துப் பகுதி 1960களின் தொடக்கத்தில் உள்ளிருந்து பிளாஸ்டிக் பூசி வலுப்படுத்தப்பட்டதாம். அதையும் விரல் நீட்டிக் காட்டினார். பின்னால் வரிசை நின்றதால்தான் அவரை வெளியே கூட்டிவர முடிந்தது.

அப்புறம் எனோடென். காமகுராவையும் ஃபுஜிசாவாவையும் இணைக்கும் ஒற்றைத் தடக் குட்டி ரயில், மொத்தமே 10 கிலோமீட்டர், 15 நிலையங்கள். 1902இல் ஒரு பகுதி திறந்து, 1910இல் காமகுரா வரை வந்தது. வீட்டுக் கொல்லைப்புறங்களை உரசாத குறையாகப் போகும். கொடியில் காயும் துணியை எட்டித் தொட்டுவிடலாம் போலிருக்கும். திடீரென்று ஒரு வளைவு, சன்னல் முழுக்கக் கடல். கொஷிகோஎயிலிருந்து எனோஷிமா வரை நடுத்தெருவிலேயே கார்களோடு சேர்ந்து ஓடுகிறது. என் மகன் ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. ஒரு நாள் சீட்டு எடுத்துவிட்டால் இஷ்டப்பட்ட நிலையத்தில் ஏறி இறங்கலாம். வயதானவர்களோடு போகும்போது அது பெரிய உதவி.

சரி, சாப்பாடு. இந்தக் கரையின் பெருமை ஷிராசு. நெத்திலி, மத்தி வகைகளின் கண்ணாடி போன்ற குஞ்சுகள். சகாமி விரிகுடாவில் காலையில் படகு போய் வந்தால்தான் பச்சை (வேகவைக்காத) ஷிராசு. காற்று பலமாக இருந்து படகு போகவில்லை என்றால் அன்றைக்குக் கடையில் எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது. கடை வாசலில் 'இன்று பச்சை ஷிராசு உண்டு' என்று கையால் எழுதிய அட்டை தொங்கும். அதைப் பார்த்துத்தான் உள்ளே போக வேண்டும். எங்களுக்கு அன்று அட்டை தொங்கியது. சூடான சோற்றின் மேல் பாதிக்குப் பச்சை, பாதிக்கு உப்புநீரில் வேகவைத்த வெள்ளை ஷிராசு. மேலே துருவிய இஞ்சி, ஓரத்தில் சோயா சாஸ். ஒவ்வொரு குஞ்சிலும் கறுப்புப் புள்ளியாக இரண்டு கண். பச்சையானது நாக்கில் வழுக்கி, கடைசியில் துளி கசப்போடு போகும். வெந்தது பஞ்சு மாதிரி, லேசான உப்பு. அப்பா பச்சையை ஒரு வாய் எடுத்து யோசித்தார். பிறகு பேசாமல் கிண்ணத்தைக் காலி செய்தார். பிள்ளைகள் வெந்த பக்கத்தை மட்டும் பங்கு போட்டுக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் பச்சையைவிட வெந்ததுதான் சோற்றுக்குப் பொருத்தம்.

எனோஷிமா தீவுக்குப் பாலத்தில் நடந்தே போகலாம், 389 மீட்டர். தீவுக்குள் நுழைந்ததும் குறுகலான ஏற்றத் தெரு, இரண்டு பக்கமும் கடை. தகோசென்பே கடை முன் வரிசை நின்றிருந்தது. மாவில் புரட்டிய சின்ன ஆக்டோபஸ்களைச் சூடான இரும்புத் தட்டில் வைத்து, மேல் தட்டை இறக்கி அழுத்துகிறார்கள். கீச்சென்று ஒரு அலறல், சுற்றிலும் ஆவி. தட்டைத் தூக்கினால் முகத்தை மறைக்கிற அகலத்தில் அப்பளம் மாதிரி வருகிறது. வெளிச்சத்தில் பிடித்தால் ஆக்டோபஸின் கால், உறிஞ்சு வட்டம் எல்லாம் அச்சு விழுந்த மாதிரி தெரியும். மகள் அதை முகத்துக்கு நேரே பிடித்து, ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டே நடந்தாள்.

கடற்கரையில் எதையும் கையில் வைத்துச் சாப்பிடாதீர்கள். தொம்பி என்கிற பருந்துகள் மேலே வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். எச்சரிக்கைப் பலகைகள் எங்கும் உண்டு. எங்கள் கண்ணெதிரே ஒரு பையன் வாய்க்குக் கொண்டுபோன பொரித்த பண்டத்தை ஒரு பருந்து பின்னாலிருந்து வந்து அள்ளிக்கொண்டு போனது. சிறகுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. கையில் கீறல் இல்லாமல் தப்பித்தான். சுவரை ஒட்டியோ கூரைக்கு அடியிலோ உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

தீவில் ஏற 1959இல் அமைத்த நகரும் படிக்கட்டு இருக்கிறது. மேலே ஏற மட்டும்தான். இறங்க நடக்க வேண்டும். அம்மாவுக்கு மூட்டு வலி என்பதால் அது இல்லையென்றால் பாதி வழியில் திரும்பியிருப்போம். மேலே எனோஷிமா கோயிலில் பென்சைத்தென் சன்னதி. நம் சரஸ்வதிதான், பௌத்தத்தோடு சீனா வழியாக வந்து இந்தக் கடல் தீவில் குடியிருக்கிறாள். எண்கோண மண்டபத்துக்குள் இரண்டு சிலைகள். ஒன்று எட்டுக் கைகளோடு, ஆயுதம் ஏந்தி. மற்றொன்று பிவா என்னும் தந்தி வாத்தியத்தை மடியில் வைத்து, ஆடை ஏதும் இல்லாமல், வெள்ளை வெளேரென்று. அம்மா முதலில் கொஞ்சம் திகைத்தார். அப்புறம் வாத்தியத்தைப் பார்த்துவிட்டுக் கைகூப்பி, மெதுவாக 'யா குந்தேந்து' என்ற சரஸ்வதி ஸ்லோகத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பாட்டி அது முடியும் வரை நகராமல் நின்று, அம்மாவுக்குத் தலை வணங்கிவிட்டுப் போனார். அந்த நாளில் எனக்கு மிகப் பிடித்த நிமிடம் அது.

அம்மா என்ன சாப்பிட்டார் என்று கேட்பீர்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன புளியோதரை. இதற்கு நல்ல வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கும்பகோணத்துப் பெண், டோக்கியோ:

அண்ணா, அடுத்த முறை அம்மாவைக் கிதா-காமகுராவில் இறக்குங்கள். கென்சோஜி அங்கேதான் இருக்கிறது, 1253இல் தொடங்கிய ஜென் மடம். கென்சின்-ஜிரு என்கிற காய்கறிச் சாறு அந்த மடத்துச் சமையலறையிலிருந்து வந்தது என்பார்கள். முள்ளங்கி, கேரட், கோபோ வேர், சேப்பங்கிழங்கு, டோஃபு எல்லாவற்றையும் நல்லெண்ணெயில் வதக்கி, கடற்பாசியும் காய்ந்த காளானும் ஊறிய நீரில் கொதிக்க வைப்பது. என் மாமியாருக்கு அந்த எண்ணெய் வாசனையிலேயே பாதிப் பசி அடங்கிவிட்டது. ஆனால் ஒன்று. கடைகளில் சிலர் அதே சாற்றில் மீன் தாஷி, அதாவது மீன் ஊறிய நீர், ஊற்றிவிடுவார்கள். பார்வைக்குக் காய்கறி மட்டும் இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறும் பெரும்பாலும் அப்படித்தான். "கட்சுவோ (சூரை வகை மீன்) தாஷி இருக்கிறதா" என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டே ஆக வேண்டும். மடத்துச் சைவமான ஷோஜின் உணவு தரும் இடங்களில் அந்தக் கவலை இல்லை. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் செனியராய் பென்தென் கோயில். குன்றைக் குடைந்த சுரங்க வழியே நுழைந்தால் உள்ளே ஒரு குகை, ஊற்று. மூங்கில் கூடையில் காசைப் போட்டு, அந்தத் தண்ணீரில் கழுவினால் பெருகும் என்பது நம்பிக்கை. மாமியார் சுருக்குப் பையிலிருந்த பத்து ரூபாய் நாணயத்தையும் கழுவினார். நோட்டைக் கழுவியவர்கள் ஊதுபத்திப் புகையில் காட்டி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

நல்லூரான்:

பெரிய புத்தர் கோயிலில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது, பலர் கவனிக்காமல் போய்விடுவினம். 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜெயவர்தன பேசினவர். பகை பகையால் தணியாது, அன்பால்தான் தணியும் என்ற புத்தரின் வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் போர் இழப்பீடு வேண்டாம் என்றவர். அந்த நன்றிக்காக 1991இல் வைத்த கல் அது.

நான் மகளோடு நின்று அதை வாசித்தேன். 1983 ஜூலையில் கொழும்பில் எங்கட வீடு எரிந்தபோது ஜனாதிபதியாக இருந்தவரும் அவர்தான். மகள் "நல்ல மனுசனோ அப்பா?" என்று கேட்டாள். அந்த வாக்கு உண்மையானது, அது எங்களுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்க வேணும் என்றேன். பிறகு இருவரும் கனநேரம் கதைக்காமல் புத்தரைச் சுற்றி நடந்தோம். போகிறவர்கள் பிள்ளைகளுக்கு இரண்டு கதையையும் சேர்த்தே சொல்லுங்கோ.

கோவைக்காரி:

ஜனவரி கடைசியில் வருகிறோம். ஷிராசு சாப்பிட முடியுமா? குளிரில் குழந்தையோடு தீவுக்குப் போகலாமா?

யோகோஹாமாவாசி:

பச்சை ஷிராசு கிடைக்காது. இந்தக் கரை இருக்கும் கனகாவா மாகாணக் கடலில் ஜனவரி 1 முதல் மார்ச் முற்பகுதி வரை ஷிராசு பிடிக்கத் தடை, குஞ்சுகள் பெருகட்டும் என்று. வேகவைத்து உறைய வைத்ததும் காய வைத்ததும் கடைகளில் இருக்கும், அதைச் சாப்பிடுங்கள். தீவுக்குத் தாராளமாகப் போகலாம். குளிர்காலத்தில் காற்று தெளிவாக இருப்பதால் ஃபுஜி மலை நன்றாகத் தெரிகிற மாதமே அதுதான். காலையிலேயே இனாமுராகசாகி நிலையத்தில் இறங்கிக் கடலோரம் நடந்தால், எனோஷிமாவும் அதன் பின்னால் பனி மூடிய ஃபுஜியும் சேர்ந்து தெரியும். பாலத்தில் காற்று அடிக்கும், குழந்தைக்குக் காதை மூடும் தொப்பி மறக்காதீர்கள். காமகுரா நிலையத்துப் பக்கம் ஹாதோ சப்ரே வாங்கிக்கொள்ளுங்கள். புறா வடிவத்தில் பெரிய வெண்ணெய் பிஸ்கட், ரயிலில் திரும்பும்போது குழந்தை அழாமல் வரும்.