எர்த் இல்லாத கடையில் ரிஸ்ட் ஸ்ட்ராப்பை எங்கே மாட்டுவது?

மொபைல் போர்டு சர்வீஸ் பெஞ்சுக்கு ஆன்டி-ஸ்டேட்டிக் மேட், ரிஸ்ட் ஸ்ட்ராப் (உடலில் சேரும் ஸ்டேட்டிக் மின்சாரத்தை எர்த்துக்கு இறக்கும் கைப்பட்டை) இரண்டும் தயார். ஸ்ட்ராப்பை மல்டிமீட்டரில் அளந்தால் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் 1 மெகாஓம் சரியாக வருகிறது. தவறிப்போய் 230 வோல்ட் பட்டாலும் ஸ்ட்ராப் வழியாக 0.23 மில்லிஆம்பியருக்கு மேல் உடலில் பாயாது. அந்த ரெசிஸ்டர் இல்லாத ஸ்ட்ராப்பைக் கையில் கட்டவே கூடாது.

சிக்கல் எர்த்தில்தான். பழைய கட்டடம், ஃபேஸுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே 230-க்குப் பதில் 90 வோல்ட்தான் காட்டுகிறது, அதாவது பின்னுக்குப் பின்னால் இணைப்பே இல்லை. எர்த் பின்னை நியூட்ரலோடு சேர்த்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். நியூட்ரல் அறுந்தால் எர்த் பின்னோடு இணைந்த சோல்டரிங் அயர்ன் முனை வரை 230 வோல்ட் ஏறிவிடும், வேண்டவே வேண்டாம்.

தரையில் தனி எர்த் ராடு அடித்தால் முதல் மாடிக்கு எத்தனை சதுர மி.மீ. செம்பு வயர் போடுவது? 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்தானே? அதுவரை பேட்டரி, சார்ஜரைக் கழற்றிவிட்டு மேட், ஸ்ட்ராப், போர்டு கிரவுண்ட் மூன்றையும் ஒன்றாக இணைத்து வேலை பார்த்தால் ஐசிகளுக்குப் பாதுகாப்பு போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.