கிட்டாரில் ஏ மைனர் ஸ்கேல்: 3-ஆவது ஸ்ட்ரிங்கில் தடுக்குது, கேட்டா மேஜர் மாதிரி இருக்கு

புதுவிரல்:
5-ஆவது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்குப் பட்டைகள் பிரிக்கிற கட்டம்) தொடங்குற ஏ நேச்சுரல் மைனர் பேட்டர்ன் மனப்பாடம். தாளம் தட்டுற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டுன்னு வெச்சு, ஒரு தட்டுக்கு ரெண்டு நோட்டுன்னு வாசிச்சா சரியா வருது. 80-ஐத் தாண்டினா 4-ஆவது ஸ்ட்ரிங்கிலிருந்து 3-ஆவதுக்குப் போற இடத்தில் ஒவ்வொரு முறையும் தடுக்குது. அதோட, மைனர்னா ஒரு சோகம் இருக்கணும்னு சொல்றாங்க, எனக்கு சி மேஜர் மாதிரியே கேக்குது. பேட்டர்னே தப்பா? தடித்த ஸ்ட்ரிங்கை 6-ன்னு வெச்சு, வாசிக்கிற ஃப்ரெட்கள்:

6: 5, 7, 8
5: 5, 7, 8
4: 5, 7
3: 4, 5, 7
2: 5, 6, 8
1: 5, 7, 8

ஆறுதந்தி:
பேட்டர்ன் சரி, ஒரு நோட்டும் தப்பில்லை. தடுக்குற காரணம் நீங்க எழுதின எண்களிலேயே இருக்கு. 6, 5, 4 மூணிலும் ஆள்காட்டி விரல் 5-ஆவது ஃப்ரெட்டில் உக்காருது. 3-ல் மட்டும் 4-க்கு வரணும், 2-ல் திரும்ப 5. அதாவது மூணு நோட்டுக்காகக் கை ஒரு ஃப்ரெட் பின்னாடி போய்த் திரும்பணும். நிறையப் பேர் கையை நகர்த்தாம ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டுவாங்க. மெதுவா வாசிக்கும்போது அது ஓடிடும். வேகம் ஏறினா விரல் ஃப்ரெட் பட்டையை ஒட்டி விழாது, அங்கே வர்ற பி நோட்டு மழுங்கிடும்.

4-ல் 7-ஐ மோதிர விரலால் வாசிச்சதும் கட்டைவிரலோட சேர்ந்து முழுக் கையும் நகரட்டும். 3-ல் 4 ஆள்காட்டி, 5 நடுவிரல், 7 சுண்டுவிரல். 2-ல் 5 ஆள்காட்டி, 6 நடுவிரல், 8 சுண்டுவிரல். மத்த ஸ்ட்ரிங்குகளில் 5 ஆள்காட்டி, 7 மோதிர விரல், 8 சுண்டுவிரல்.

இதுக்கு முழு ஸ்கேலையும் ஓட்டிப் பிரயோஜனமில்லை. 4-ல் 5, 7, அடுத்து 3-ல் 4, 5. இந்த நாலு நோட்டை மட்டும் போய்வாங்க, 50-ல் ஆரம்பிச்சு. தொடர்ந்து 10 தடவை சுத்தமா வந்தா 4 கூட்டுங்க. தப்பு வந்தா 8 குறைங்க. இது படிஞ்சதும் 3-ல் 5, 7, 2-ல் 5, 6-ன்னு திரும்பி வர்ற இடத்துக்கும் இதே மாதிரி.

பிக் (ஸ்ட்ரிங்கை மீட்டுற சின்னத் தகடு) பிடிக்கிற கையையும் கவனிங்க. கீழ்-மேல்-கீழ்னு மாறி மாறி அடிச்சா 6-ல் மூணு நோட்டு கீழ் அடியில் முடியும், 5 மேல் அடியில் தொடங்கும். பிக் 5-ஆவது ஸ்ட்ரிங்கைத் தாண்டிப் போய்க் கீழேருந்து மேலே வரணும். 4-ல் ரெண்டே நோட்டுங்கிறதால 3 மறுபடி கீழ் அடியில் தொடங்கும். அங்கே தவறுதலா மேல் அடி விழுந்தாலும் இதே தடுமாற்றம்தான். இடது கையை விட்டுட்டு, வெறும் ஸ்ட்ரிங்கில் 3-3-2-3-3-3 கணக்கில் வலது கையை மட்டும் ஓட்டிப் பாருங்க.

சுருதிப்பெட்டி:
இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏ மைனருக்கும் சி மேஜருக்கும் ஏழு நோட்டுகளும் ஒன்றுதான். காது எதை ஆதாரமாக எடுத்துக்கொள்கிறதோ அதை வைத்துத்தான் மைனரா மேஜரா என்பது. கர்நாடக இசை கேட்டவர்களுக்கு இது கிரக பேதம், அதாவது ஆதார ஸ்வரத்தை மாற்றி வேறு ராகம் பெறுவது: சங்கராபரணத்தின் தைவதத்தை சட்ஜமமாக வைத்தால் நடபைரவி.

இப்போது உங்கள் பேட்டர்னில் கடைசி நோட்டைப் பாருங்கள். 1-ஆவது ஸ்ட்ரிங், 8-ஆவது ஃப்ரெட், அது சி. ஒவ்வொரு முறையும் உச்சியில் சி-யைத் தொட்டுத் திரும்புகிறீர்கள். காது அதையே வீடாக நினைத்துக்கொள்கிறது. 1-ல் 5-ஆவது ஃப்ரெட்டோடு நிறுத்தித் திரும்புங்கள், அது ஏ. ஏ இருக்கும் மற்ற இடங்கள் 6-ல் 5, 4-ல் 7. இந்த மூன்றிலும் ஒரு தட்டு கூடுதலாக நின்றுவிட்டுத் தொடருங்கள்.

அதைவிட நல்ல பயிற்சி ஒன்று. 5-ஆவது ஸ்ட்ரிங்கை விரல் வைக்காமல் மீட்டுங்கள், அது ஏ. அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே 3-ல் 2, 4, 5, பிறகு 2-ல் 3, 5, 6, பிறகு 1-ல் 3, 5. ஒலி தேயும்போது மறுபடி மீட்டுங்கள். ஒவ்வொரு நோட்டிலும் நின்று கேளுங்கள். சி-யில் மைனரின் நிறம் தெரியும். எஃப்-இல் நின்றால் அது ஈ-க்கு இறங்கத் துடிப்பது கேட்கும். இந்தக் காது வராமல் வேகத்தை 120-க்கு ஏற்றினாலும் விரல் பயிற்சியாகவே நின்றுவிடும்.

நாலாம்கட்டை:
கை நகர்த்துறது சரிப்பட்டு வரலேன்னா, பி-யை 4-ல் 9-ஆவது ஃப்ரெட்டில் எடுக்கலாம். 4-ல் 5, 7, 9, அப்புறம் 3-ல் 5, 7. ஆள்காட்டி விரல் கடைசி வரைக்கும் 5-லயே இருக்கும். ஆனா 5-லிருந்து 9 வரைக்கும் நீட்டணும். மணிக்கட்டு வலிச்சா விட்டுடுங்க, ஆறுதந்தி சொன்னதே போதும்.

புதுவிரல்:
சி-யில் திரும்புறதை நான் கவனிக்கவே இல்லை, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். ஏ மைனர், டி மைனர், ஈ7-ன்னு கார்டு (சேர்ந்து ஒலிக்கிற நோட்டுகள்) ஓடவிட்டு வாசிச்சா, ஈ7 வரும்போது மட்டும் ஜி உறுத்துது. ஏன்?

சுருதிப்பெட்டி:
ஈ7 கார்டுக்குள் ஜி ஷார்ப் இருக்கிறது. அதன்மேல் ஜி-யை நீட்டினால் அரை ஸ்வர இடைவெளியில் இரண்டும் மோதும். அந்தக் கார்டு வரும் நாலு தட்டுக்கு மட்டும் ஜி-யை ஜி ஷார்ப் ஆக்குங்கள். அது ஹார்மோனிக் மைனர், ஸ்வரக் கணக்கில் கீரவாணி. 4-ஆவது ஸ்ட்ரிங்கில் 5-க்குப் பதில் 6. 2-ஆவதில் 8-க்குப் பதில் 9 வரும், ஆனால் 6-லிருந்து 9-க்கு நீட்டுவது சிரமம். 2-ல் 5, 6 வாசித்துவிட்டு 1-ல் 4, 5 என்று எடுங்கள். 4-ஆவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி, 5-ஆவதில் நடுவிரல். ஏ மைனர் கார்டு திரும்பி வரும் முதல் தட்டில் அந்த 5-ஆவது ஃப்ரெட் விழும்படி அமைத்துக்கொண்டால் கேட்க நிறைவாக இருக்கும்.